எழுதிய பயிற்சியும் செய்த பயிற்சியும்

தண்டுவடக் காயத்தோடு மறுவாழ்வுப் பிரிவுக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நாளையைப் பற்றியவை. எப்போது எழுந்து நிற்பார், எப்போது நடப்பார், புதிய சிகிச்சை ஏதேனும் வந்திருக்கிறதா என்றே கேட்கின்றனர். நேற்றைப் பற்றிய கேள்வியைக் கேட்போர் மிகச் சிலர். நேற்றைக்கு எழுதிக் கொடுத்த பயிற்சி எழுதியபடியே நடந்ததா என்பதே அக்கேள்வி. மறுவாழ்வுப் பிரிவில் நாள்தோறும் முதலில் கேட்கப்பட வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

கட்டிலருகே தொங்கும் பயிற்சி அட்டையை எடுத்துக்கொள்வோம். பலகையைக் கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுதல், 10 முறை. கால் நீட்டி அமர்ந்து சமநிலை காத்தல், 20 நிமிடம். எடை தூக்கிக் கைகளை வலுவாக்குதல், மூன்று சுற்று என்று அதில் எழுதியிருக்கிறது. அன்று காலை நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. அது சரியாகும் வரை காத்திருக்கிறார்கள். பயிற்சிக்கூடத்தில் பாய் விரித்த மேடை காலியாகவில்லை, மீண்டும் காத்திருப்பு. ஊரிலிருந்து உறவினர் வந்துவிடுகின்றனர். இடமாற்றம் மூன்று முறை நடக்கிறது. எடையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அட்டையில் மட்டும் 10 என்ற எண் அப்படியே இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பியிருக்கவுமில்லை. ஆயினும் இப்படியே ஆறு வாரம் சென்ற பின் வீட்டார் ஒரு முடிவுக்கு வருகின்றனர்: "ஒன்றரை மாதம் பயிற்சி கொடுத்தும் பலன் இல்லை."

இந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை எண்ணித்தான் இதனை எழுதுகிறேன். பயிற்சி தோற்றுவிட்டது என்று நம்பும் குடும்பம் அடுத்த வழியைத் தேடுகிறது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் ஸ்டெம்செல் ஊசிக்குப் பணம் திரட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, தண்டுவடக் காயத்திற்கு ஸ்டெம்செல்லை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கு வெளியே வழக்கமான சிகிச்சையாக விற்பதற்கு இடமில்லை. அப்படியிருந்தும் விற்போர் உண்டு, வாங்குவோரும் உண்டு. வாங்குவோரில் பலர், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எழுதப்பட்ட பயிற்சி முழுமையாக ஒரு வாரமேனும் நடந்ததா என்பதை அறியாமலே செல்கின்றனர். கொடுக்கப்படாத மருந்தைப் பலிக்காத மருந்து என்று சொல்வது போன்றது இது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எழுதியபடி அனைத்தையும் செய்தால் அறுபட்ட தண்டுவடம் ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. காயம் முழுமையானதா, பகுதியானதா, எந்த மட்டத்தில் நேர்ந்தது என்பவை பயிற்சியின் கைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் தானே உடுத்துவது, தானே கட்டிலை விட்டு நாற்காலியில் அமர்வது, புண் வராமல் உடலைக் காப்பது, மீண்டும் ஒரு வேலைக்குச் செல்வது ஆகியவை பெருமளவுக்குப் பயிற்சியின் கையில் உள்ளன. அவற்றை இழப்பது நடையை இழப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1944 பிப்ரவரியில், உலகப்போர் நடந்துகொண்டிருக்கையில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோருக்கெனத் தனிப்பிரிவு திறக்கப்பட்டது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் அதன் தலைவரானார். அதற்கு முன்பு இத்தகைய காயமுற்றோரில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தனர். குட்மன் அங்கே கொண்டுவந்தவற்றுள் முதன்மையானது ஓர் எளிய விதி: ஒவ்வொருவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விதியை எழுதி மாட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நள்ளிரவில் தாமே வார்டுக்கு வந்து, புரட்டுதல் நடக்கிறதா என்று நேரில் பார்த்தார். படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பிப் பயிற்சிக்கும் வேலைக்கும் விளையாட்டுக்கும் அனுப்பினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் போட்டியைப் பலர் நினைவுகூர்கின்றனர். அந்த நள்ளிரவுச் சோதனையை நினைப்போர் குறைவு. எனக்கோ இரண்டாவதே பெரிதாகத் தோன்றுகிறது.

மாத்திரையென்றால் நம் வீடுகளில் கணக்கு உண்டு. ஐந்து நாள் மருந்தில் எத்தனை மிச்சம் என்று அட்டையைப் பார்த்தே பாட்டி சொல்லிவிடுவார். பயிற்சிக்கும் அளவு உண்டு, அதையும் எண்ண வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் வேர்கொள்ளவில்லை. மருத்துவமனைகளிலும் அது போதுமான அளவு இல்லை. பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை அமர்வுகளை அருகிருந்து எண்ணிப் பார்த்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 312 அமர்வுகளை அவர்கள் பார்த்தனர். கையைப் பயன்பாட்டு முறையில் இயக்கும் பயிற்சி, அது நடந்த அமர்வுகளில்கூடச் சராசரியாக 32 முறையே நடந்திருந்தது. நரம்பு மண்டலம் புதிதாக ஒன்றைக் கற்பதற்கு விலங்குகளில் தேவைப்பட்டதோ ஓர் அமர்வுக்கு நூற்றுக்கணக்கான முறைகள். அது பக்கவாதத்தைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் ஒருநாள் ஓரமாக அமர்ந்து எண்ணிப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் உண்மையான பயிற்சி எவ்வளவு சிறிது என்பது விளங்கும். எண்ணுவதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. உடனிருப்பவரே எண்ணலாம்.

அளவைப் போலவே முறையும் திட்டத்தின் பகுதி. இங்கேதான் பாசம் குறுக்கே வருகிறது. கழுத்தில் காயமுற்ற சிலருக்கு மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்த முடியும். விரல்களை அசைக்க முடியாது. மணிக்கட்டு நிமிரும்போது விரல்களின் தசைநார்கள் இழுபட்டு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமே நெருங்கி வரும். அந்தப் பிடியைக் கொண்டு கரண்டி பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம், கைப்பேசியை எடுக்கலாம். அது அமைய வேண்டுமானால் அந்தத் தசைநார்கள் சற்றே இறுக்கமாக இருக்க வேண்டும். இதற்காகவே, மணிக்கட்டு நிமிர்ந்திருக்கையில் விரல்கள் மடங்கியிருக்கட்டும், விரல்களை நீட்டும்போது மணிக்கட்டைக் கீழே மடக்கிக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதுகிறோம். மடங்கிய விரல்களைக் கண்ட தாய்க்கு மனம் பொறுப்பதில்லை. எண்ணெய் தடவி, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னோக்கி நீவி, நாள்தோறும் நேராக்குகிறார். சில மாதங்களில் கை பார்ப்பதற்கு அழகாக விரிகிறது. கரண்டியோ அதில் நிற்பதில்லை. ஒரு பயிற்சிகூட விட்டுப்போகவில்லை. மாறாக அதிகமாகவே நடந்திருக்கிறது. திட்டத்தில் இருந்தது மட்டும் நடக்கவில்லை.

இடுப்பின் கதையும் இதுவே. கால்களை நீட்டி அமர்ந்து தானே உடை மாற்ற வேண்டுமென்றால் தொடையின் பின்தசை நீள வேண்டும். கீழ்முதுகோ சற்று விறைப்பாகவே இருக்க வேண்டும். அந்த விறைப்புத்தான் வலுவிழந்த உடலைத் தாங்கும் முட்டு. ஆகவே மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள் என்கிறோம். உட்கார வைத்துத் தலையை முழங்காலை நோக்கி அமுக்கினால் நீள்வது முதுகு.

வெந்நீர் ஒத்தடமும் சூடான எண்ணெயும் எந்தத் திட்டத்திலும் இல்லாதவை. எனினும் எப்படியோ உள்ளே வந்துவிடுகின்றன. உணர்விழந்த தோல் சுடுகிறது என்று சொல்லாது. தொடுபவரின் கைக்கு இதமான சூடுகூட அங்கே கொப்புளமாகலாம். எலும்பும் அவ்வாறே. காயத்துக்குப் பின் செயலற்ற கால்களின் எலும்பு விரைவாகச் சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. இறுகிய முழங்காலை வலிந்து மடக்கினால் தொடை எலும்பு முறியக்கூடும். முறிந்ததை வலி அறிவிக்காது, வீக்கமே அறிவிக்கும். ஊரில் பெயர்பெற்ற வைத்தியர் ஒருவரை அழைத்து வந்து காட்ட விரும்பினால் காட்டுங்கள். உங்கள் நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். அவர் கை வைக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இவற்றைவிடப் பரவலாக நிகழும் மாற்றம் வேறொன்று. நோயாளி தானே செய்ய வேண்டியதை உடனிருப்பவர் செய்துவிடுவது. பலகையைப் பொருத்தி, கைகளை ஊன்றி, சிறிது சிறிதாக நகர்ந்து நாற்காலியை அடைய ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கிறது. அண்ணன் வந்து அள்ளித் தூக்கி உட்கார வைத்தால் அரை நிமிடம். தூக்கியவரின் முதுகு வலிக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தூக்கப்பட்டவருக்கு அன்றைய பயிற்சி போய்விட்டது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் காரியங்களைத் தானே செய்யப் பயின்றார்; சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் உருவானது. அவரைத் தூக்கி வைக்க அன்பானவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

எங்கள் துறையினர் தமக்குள் விவாதித்துக்கொள்ளும் ஒன்றையும் இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கைக் கால்களை மடக்கி நீட்டி விடுவதிலும் தசைகளை இழுத்து வைப்பதிலும் செலவிடும் வழக்கம் எங்கும் உண்டு. இழுத்து வைத்தல் மூட்டு இறுக்கத்தைத் தடுக்கிறதா என்பது குறித்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2017-இல் புதுப்பிக்கப்பட்டது. ஏழு மாதத்துக்கும் குறைவான காலத்தில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்பது அதன் முடிவு. இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். சிலருக்குச் சில மூட்டுகளில் அதற்குத் தனிக் காரணம் இருக்கும். மேலும், நெடுங்கால விளைவைப் பற்றி அந்த மதிப்பாய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் மற்றவர் கையால் அசைக்கப்படுவதிலும், மிஞ்சியது மட்டும் தானே செய்யும் பயிற்சியிலும் போகுமானால், அந்தக் கணக்கை மாற்றுமாறு கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொண்டால் அது எங்கள் குறை.

எழுதியபடி செய்யாமல் நிறுத்த வேண்டிய நாள்களும் உள்ளன. அந்நாளில் நிறுத்துவதும் திட்டத்தைச் சேர்ந்ததே. காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால், பிட்டத்திலோ குதிகாலிலோ தோன்றிய சிவப்பு மறையாமல் நின்றால், பயிற்சியைவிட மருத்துவரிடம் சொல்வது முந்த வேண்டும். மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பது போல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் அது அவசர நிலை. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையையும் பட்டையையும் தளர்த்துங்கள். சிறுநீர்க்குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அதே நேரத்தில் செவிலியரை அழையுங்கள். வீட்டிலென்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். அதே மட்டத்தில் காயமுற்றோருக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை என்பதால், சித்திரை வெயிலில் தகர ஓட்டின் கீழ் நண்பகல் பயிற்சி ஆகாது. விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் நல்ல காரணங்கள். செய்யாத நாளின் காரணம் எழுதப்பட்டிருந்தால் திட்டத்தைத் திருத்த எங்களுக்கு வழி கிடைக்கிறது. வெறும் விடுபடலாக இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

பழியை நோயாளியின் மேல் இறக்கி வைப்பது மருத்துவமனைகளுக்கு எளிது. "ஒத்துழைப்பு இல்லை" என்று கோப்பில் எழுதினால் முடிந்தது. அந்தச் சொல்லை நான் விரும்புவதில்லை. ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் வரும்போது பயிற்சிக்கூடம் பூட்டப்படுகிறது. ஒரு சிகிச்சையாளர் விடுப்பில் சென்றால் அடுத்தவர் அட்டையைப் படிக்காமல் தமக்குப் பழகியதைச் செய்கிறார். ஒருவருக்கே அளவுக்கு மீறிய நோயாளிகள். இவை எங்கள் பக்கத்து விடுபடல்கள். வீட்டுக்கு அனுப்பும்போது 14 பயிற்சிகளைப் படத்தோடு அச்சிட்டுக் கொடுப்பதும் இதில் சேரும். விடியலில் கூலி வேலைக்குப் போய் அந்தியில் திரும்பும் மனைவி அந்தப் பதினான்கையும் எந்த நேரத்தில் செய்வார்? கட்டில் இல்லாத வீட்டுக்குக் கட்டிலிலிருந்து இடம் மாறும் பயிற்சியை எழுதி என்ன பயன்? சக்கர நாற்காலி நுழையாத கழிவறைக் கதவை யார் அளந்து பார்த்தது? அந்த வீட்டில் செய்ய முடியாத திட்டம் தவறான திட்டம். எழுதுவதற்கு முன்பே வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியது எங்கள் கடமை. கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். நான்கு பயிற்சி போதும், அந்த நான்கும் நடக்கட்டும்.

சிறிய அளவு போதுமா என்ற ஐயம் எழலாம். காயமுற்று ஓராண்டு கடந்த பெரியவர்களுக்காகப் பன்னாட்டு வல்லுநர் குழு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். உடல் திறனையும் தசை வலுவையும் காக்க வாரத்துக்கு இரண்டு நாள், மூச்சு சற்று வாங்கும் அளவில் 20 நிமிடப் பயிற்சி. அத்துடன் இயங்கும் பெருந்தசை ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு இருமுறை மூன்று சுற்று வலுவூட்டல். இதய நலத்தையும் காக்க வேண்டுமென்றால் 30 நிமிடமாக வாரத்துக்கு மூன்று நாள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு தெருமுனைவரை விரைந்து போய் வருவதும் இதில் அடங்கும். மலைக்க வைக்கும் அளவன்று. மருத்துவமனையில் இருக்கும் முதல் மாதங்களின் தேவை இதனினும் மிகுதி. வீடு திரும்பிய பின் வாழ்நாள் முழுவதும் எவ்வளவு என்பதற்கே இந்த அளவு.

சிறிய அளவும் அளவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பிட்டத்தின் அழுத்தத்தை அவ்வப்போது நீக்க வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்தி, பத்து எண்ணுவதற்குள் இறக்கிவிடுவோர் பலர். அழுந்திய தசைக்கு இரத்த ஓட்டமும் பிராணவாயுவும் முழுமையாக மீள ஏறக்குறைய இரண்டு நிமிடம் தேவைப்படுகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் கைகளால் உடலைத் தாங்குவது பெரும்பாலோருக்கு இயலாது, தோள்மூட்டும் கெடும். முன்னே மேசையில் சாய்ந்து அல்லது பக்கவாட்டில் சாய்ந்து இரண்டு நிமிடம் இருந்தால் போதும். நாளெல்லாம் பத்து விநாடி வீதம் உயர்த்தியவருக்குப் புண் வந்தால், செய்தும் பயனில்லையே என்று அவர் நொந்துகொள்வது இயல்பு. செய்தது போதவில்லை என்பதை யாரேனும் சொல்லியிருந்தால் அந்தப் புண்ணையே தவிர்த்திருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்; பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டே போதும். இடப்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது, வலப்பக்கத்தில் நடந்தது. எத்தனை முறை, எத்தனை நிமிடம், தானே செய்தாரா, பிறர் துணையோடா, செய்யாவிட்டால் ஏன். எழுத முடிந்த நோயாளி தானே எழுதட்டும். கை இயலாதவர் சொல்ல, பத்து வயது மகள் எழுதட்டும். பயிற்சியை மாற்ற நினைத்தால் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி, அடுத்த முறை சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். சில மாற்றங்கள் எங்கள் திட்டத்தைவிடச் சிறந்தவையாக இருப்பதும் உண்டு. வீட்டுத் திண்ணையின் உயரம் எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

மறுபரிசோதனைக்கு வரும்போது எக்ஸ்ரே உறையோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். விடுபட்ட நாள்களின் இடத்தை முந்தின இரவு உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். வெறுமையாகவே கொண்டுவாருங்கள், அன்றைய பேச்சை அந்த வெற்றிடங்களிலிருந்தே தொடங்குவோம்.